நாற்காலிக்கு ஒரு சட்டம், கோப்பைக்கு ஒரு சட்டம்

கேள்வி இதுதான்: கொரோனா காலத்தில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் பப்களும் உணவகங்களும் தெருவில் மேசை போட்டு மது பரிமாறுவதற்காகத் தற்காலிகச் சட்டங்கள் அவசரமாக வந்தன. மது விற்க ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்களுக்குப் புதிதாக ஒரு சட்டம் எதற்கு? அவை எப்படி வேலை செய்தன? இப்போதும் நடப்பில் இருக்கின்றனவா?

முதல் கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகப் புரிந்துவிடும். அதனால் அங்கேதான் கொஞ்சம் அதிக நேரம் நிற்கப் போகிறேன்.

மது உரிமத்தை ஒரு வியாபாரிக்குக் கொடுக்கும் பொதுவான அனுமதியாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். நடைமுறையில் அது ஓர் இடத்தோடு கட்டிப்போடப்பட்ட அனுமதி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி கட்டட உரிமம், அதாவது குறிப்பிட்ட ஓர் இடத்தில் மது விற்பதற்கான உரிமம், கேட்கிறவர் விண்ணப்பத்தோடு அந்த இடத்தின் வரைபடத்தையும் தர வேண்டும். வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வரைந்திருப்பார்கள். சுவர் எங்கே, வாசல் எங்கே, மது விற்கும் பகுதி எங்கே என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தக் கோட்டுக்குள் உட்கார்ந்து குடிப்பதற்காக விற்பது ஒரு வகை விற்பனை. வாங்கிக்கொண்டு கோட்டைத் தாண்டிப் போய்க் குடிப்பதற்காக விற்பது இன்னொரு வகை. அங்கே ஆஃப் சேல்ஸ் என்பார்கள். நான் வெளிவிற்பனை என்று எழுதுகிறேன். உரிமத்தில் எந்த வகைக்கு அனுமதி உண்டு என்று எழுதியிருக்கும். சிலரிடம் இரண்டும் இருக்கும். உணவகங்கள், இரவுநேர பார்கள் போன்ற பல இடங்களில் முதல் வகை மட்டும்தான் இருக்கும். இரண்டாவதைக் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள், அல்லது அக்கம்பக்கத்தார் எதிர்ப்பால் கிடைத்திருக்காது.

இப்போது வாசலுக்கு வெளியே, நடைபாதையில் ஒரு மேசை போடுங்கள். அந்த மேசை வரைபடக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. பப் ஊழியர் உள்ளே பீர் ஊற்றி இரண்டு அடி தள்ளியிருக்கும் அந்த மேசைக்குக் கொண்டுபோய் வைத்தாலும் சட்டத்தின் கண்ணில் அது வெளிவிற்பனைதான். உள்ளே குடிப்பதற்கான அனுமதி மட்டும் வைத்திருப்பவர் அதைச் செய்ய முடியாது.

இது கோப்பையின் பிரச்சினை. நாற்காலிக்கு வேறு பிரச்சினை. நடைபாதை பொதுச் சாலையின் ஒரு பகுதி. அதில் மேசை நாற்காலி போட அப்போது 1980-ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டப்படி உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிடம் தனி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அறிவிப்பு கொடுத்த பிறகு ஆட்சேபம் கேட்பதற்கு மட்டும் குறைந்தது 28 நாள் ஒதுக்க வேண்டியிருந்தது. கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறியது. இதற்கு மேல், அந்த இடத்தை வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் திட்ட அனுமதியும் தேவைப்பட்டிருக்கலாம். ஆக, ஒரே மேசைக்காக மூன்று தனித்தனி அனுமதிகள். மது உரிமத்தில் வெளிவிற்பனையைச் சேர்க்க வேண்டுமென்றால் அதற்கும் ஒரு 28 நாள் ஆட்சேபக் காலம் உண்டு. கடை வாசலில் அறிவிப்பு ஒட்டி, உள்ளூர்ச் செய்தித்தாளில் விளம்பரமும் கொடுக்க வேண்டும்.

சாதாரணக் காலத்தில் இது நியாயமான ஏற்பாடு என்றே நான் சொல்வேன். தெரு எல்லாருக்கும் சொந்தம், அதில் ஒரு துண்டைத் தனியாருக்குக் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் 2020-இல் காலம் சாதாரணமாக இல்லை. மார்ச் 20 இரவோடு பப்களை மூடச் சொன்னார்கள். இங்கிலாந்தில் மறுபடி திறக்க அனுமதி கிடைத்தது ஜூலை 4 அன்று. அதுவும் ஆட்களுக்கிடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி, கூடவே பிற முன்னெச்சரிக்கைகள் என்ற விதியோடு. சின்ன பப்பில் அந்த இடைவெளி விட்டால் பாதி இருக்கைகள் போய்விடும். வெளிக்காற்றில் தொற்று பரவும் ஆபத்து குறைவு என்பதும் அதற்குள் தெரிந்துவிட்டது. ஆக, வியாபாரத்துக்கும் உடல்நலத்துக்கும் வழி ஒன்றே, வெளியே மேசை போடுவது. பழைய முறைப்படி ஜூலை தொடக்கத்தில் விண்ணப்பித்தால் எல்லா அனுமதியும் கைக்கு வரும்போது கோடைகாலம் முடிந்திருக்கும்.

அதனால்தான் வணிகம் மற்றும் திட்டமிடல் சட்டம் 2020 வந்தது. ஜூன் 25 அன்று மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது, ஜூலை 22 அன்று அரச ஒப்புதல் கிடைத்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்தச் சட்டம் மூன்று பூட்டுகளையும் தனித்தனியாகத் திறந்தது.

நாற்காலிக்கு நடைபாதை உரிமம் என்ற புது உரிமம் ஒன்றை உருவாக்கினார்கள். கட்டணம் அதிகபட்சம் 100 பவுண்டு. விண்ணப்பித்த மறுநாளிலிருந்து ஏழு நாள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அதற்கடுத்த ஏழு நாளுக்குள் கவுன்சில் முடிவெடுக்க வேண்டும். முடிவெடுக்காமல் விட்டால்? உரிமம் கிடைத்ததாகவே கொள்ளப்படும். என் பார்வையில் சட்டத்தின் உயிர் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. வழக்கமாக அலுவலகம் தாமதித்தால் நஷ்டம் விண்ணப்பித்தவருக்கு. இங்கே தாமதத்தின் விளைவை அலுவலகத்தின் தலையில் வைத்துவிட்டார்கள். ஊரடங்கில் பாதி ஊழியர்கள் வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில், கோப்பு நகரவில்லை என்பதற்காக ஒரு கடை மூடக்கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

கூடவே திட்ட அனுமதியும் கிடைத்ததாக ஆகிவிடும். அதற்குத் தனியாக அலைய வேண்டாம். போடக்கூடிய பொருட்களும் எளிதில் எடுத்துவிடக்கூடியவையாக இருக்க வேண்டும்: மேசை, நாற்காலி, பெஞ்ச், குடை, தடுப்பு, ஹீட்டர் இப்படி. நிரந்தரமாக எதையும் தரையில் பதிக்க முடியாது. இந்தப் பகுதி இங்கிலாந்துக்கு மட்டும்தான். வேல்ஸுக்குப் பொருந்தியது மதுவைப் பற்றிய அடுத்த பகுதி.

அந்த அடுத்த பகுதி இன்னும் துணிச்சலானது. நாற்காலிக்காவது விண்ணப்பம் போட வேண்டும். கோப்பைக்கு விண்ணப்பமே கிடையாது. உள்ளே குடிப்பதற்கு மது விற்கும் கட்டட உரிமம் வைத்திருந்த எல்லாருக்கும் வெளிவிற்பனை அனுமதி ஒரே நாளில், தானாகவே சேர்ந்துவிட்டது. ஏற்கெனவே வெளிவிற்பனை அனுமதி இருந்து, அதில் மூடிய பாத்திரத்தில்தான் தர வேண்டும், இத்தனை மணிக்குள்தான் விற்க வேண்டும், வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடாது என்றெல்லாம் நிபந்தனை இருந்தால் அவையும் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான காகிதங்களைக் கவுன்சில்கள் திருத்தி எழுத வேண்டிய வேலை மிச்சம். ஆனால் இது கட்டட உரிமத்துக்கு மட்டும் கிடைத்த சலுகை. உறுப்பினர்களுக்காக நடக்கும் கிளப்கள் வேறு வகைச் சான்றிதழில் இயங்குவதால் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இப்படி எல்லாருக்கும் ஒரே வீச்சில் கொடுத்தால் தொல்லை தரும் கடைகளுக்கும் சேர்ந்துதானே போகும் என்று கேட்கலாம். அதற்கு மூன்று தடைகள் வைத்தார்கள். முதலாவது, கடந்த மூன்று ஆண்டுக்குள் வெளிவிற்பனை கேட்டு மறுக்கப்பட்டிருந்தாலோ, உரிமத்திலிருந்து அது நீக்கப்பட்டிருந்தாலோ இந்தத் தானியங்கி அனுமதி கிடையாது. இரண்டாவது, நேர வரம்பு. மேலவையில் மசோதா போனபோது இரவு 11 மணி என்ற எல்லை சேர்ந்தது; கடையின் வெளிப்பகுதி அதற்கு முன்பே மூடப்பட வேண்டுமென்று உரிமத்தில் இருந்தால் அந்த நேரம்தான் எல்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: விரைவு மறுஆய்வு. போலீஸோ கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவோ ஒரு கடையால் ஒழுங்கு கெடுகிறது, தொல்லை பெருகுகிறது என்று மனுக் கொடுத்தால், 48 மணி நேரத்துக்குள் இடைக்கால நடவடிக்கையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். முழு விசாரணை 28 நாளுக்குள். பறிபோவது இந்தத் தற்காலிக அனுமதி மட்டும்தான், அந்தக் கடையின் பழைய உரிமத்துக்கு ஆபத்தில்லை. அதனால் அதிகாரிகளுக்கும் கை நடுங்காது. ஒருவரின் பிழைப்பையே பறிக்கிறோமே என்ற தயக்கம் இல்லாமல் தப்பு செய்தவரிடமிருந்து சலுகையை மட்டும் எடுத்துவிடலாம்.

வேகமாகக் கொடுப்பதென்றால் அதே வேகத்தில் எடுக்கவும் வழி இருக்க வேண்டும். நெருக்கடி காலச் சட்டத்தில் இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்துச் சட்டத்தை நான் மதிப்பதற்கு முதல் காரணமே இதுதான்.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அந்த நாட்களில் இதில்தான் நிறையப் பேர் தடுமாறினார்கள். உரிமச் சட்டம் ஒரு பக்கம், தொற்றுக் கட்டுப்பாட்டு விதிகள் இன்னொரு பக்கம். முதலாவது ‘உன்னிடம் அனுமதி இருக்கிறதா’ என்று கேட்கும். இரண்டாவது ‘இந்த வாரம் அதைப் பயன்படுத்தலாமா’ என்று கேட்கும். இரண்டுக்கும் ‘ஆம்’ வர வேண்டும். 2020 செப்டம்பர் 24 முதல் இரவு பத்து மணிக்குக் கடையை மூட வேண்டும், மேசைக்கு வந்துதான் பரிமாற வேண்டும் என்று விதி வந்தது. உரிமத்தில் பதினொன்று வரை இருந்தால் என்ன, நடைமுறையில் பத்துதான். நவம்பர் ஊரடங்கில் முன்கூட்டியே ஆர்டர் செய்தவர்களுக்கு மட்டும் மதுவைக் கொடுத்தனுப்பலாம் என்றார்கள். 2021 ஜனவரி ஊரடங்கில் அதையும் நிறுத்தி, வீட்டுக்கு டெலிவரி மட்டும் என்றாக்கினார்கள். வெளிவிற்பனை அனுமதி அத்தனை நாளும் உரிமத்தில் அப்படியேதான் இருந்தது, பயன்படுத்த மட்டும் முடியவில்லை.

பிறகு 2021 ஏப்ரல் 12. வெளியே மட்டும் பரிமாறலாம், உள்ளே கூடாது. அது மே 17 வரை நீடித்தது. அந்த ஐந்து வாரமும் வெளியே இடம் இல்லாத பப்புக்குப் பரிமாறும் வியாபாரமே இல்லை என்றுதான் அர்த்தம். அப்போது எழுந்த பெரிய கேள்வி: ‘வெளியே’ என்றால் என்ன? கூடாரம் போட்டால் அது வெளியா உள்ளா? இதற்குப் புதிதாக ஓர் அளவுகோலைத் தேடாமல் புகைபிடித்தல் தடைச் சட்டத்திலிருந்து எடுத்துக்கொண்டார்கள். கூரை இருந்தால், சுவர்ப் பரப்பில் குறைந்தது பாதியாவது திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அது ‘உள்ளே’தான். மூன்று பக்கமும் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டு ஹீட்டர் போட்ட கூடாரம் குளிருக்கு இதமாக இருக்கலாம், ஆனால் காற்று நகராத அந்த இடம் அறைக்குச் சமம். கூடாரம் போடுவதைத் திட்ட விதிகளிலும் எளிதாக்கினார்கள். ஒரு நிலத்தைத் தற்காலிகமாக வேறு பயன்பாட்டுக்கு எடுக்க ஆண்டுக்கு 28 நாள் என்றிருந்ததை அந்தக் காலத்தில் 56 நாளாக்கினார்கள்.

சரி, அயர்லாந்துக்கு வருவோம். நாற்காலியும் கோப்பையும் இரண்டு சட்டம் என்பதை மறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்நாட்டைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2021 ஜூன் 7 அன்று அயர்லாந்தில் பப்களும் உணவகங்களும் வெளியே பரிமாறத் தொடங்கலாம் என்று நாள் குறித்திருந்தார்கள். கவுன்சில்கள் மும்முரமாக வேலை செய்தன. தெருவில் மேசை போடத் திட்டமிடல் சட்டத்தின் 254-ஆம் பிரிவில் உரிமம் கொடுத்தார்கள், சாலைகளில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்தி இடம் ஒதுக்கினார்கள். கடைக்காரர்கள் குடையும் நாற்காலியும் வாங்கிப் போட்டுவிட்டார்கள். திறக்கும் நாள் நெருங்கிய நேரத்தில் பெரிய சிக்கல் வெளியே வந்தது. அயர்லாந்தில் பப் உரிமம் நீதிமன்றம் வழியாக வருவது. அதுவும் வரைபடத்தில் காட்டிய கட்டடத்தோடு ஒட்டியது. 1833-இல் தொடங்கி அடுக்கடுக்காகச் சேர்ந்த சட்டங்கள் அதன் அடித்தளம். கவுன்சில் கொடுத்தது மேசை போடும் அனுமதி. அந்த மேசையில் மது பரிமாறக் கவுன்சிலுக்கு அனுமதி தரும் அதிகாரமே இல்லை! அரசாங்கமே ‘வெளியே போய்ப் பரிமாறுங்கள்’ என்று சொல்லி, அரசின் பணத்தில் தெருக்களை ஏற்பாடு செய்து முடித்த பிறகு, அங்கே பரிமாறுவது சட்டப்படி சரியா என்பதே சந்தேகமாகிவிட்டது.

போலீஸ் நிலைமையைப் புரிந்துகொண்டு நிதானமாக நடந்துகொள்வோம் என்ற தொனியில் பேசியது. அது அப்போதைக்கு நிம்மதி தந்தாலும் வியாபாரிக்கு அது போதாது. ஒரு போலீஸ்காரரின் பெருந்தன்மையை நம்பி யாரும் முதலீடு செய்ய முடியாது. உரிமமில்லாத இடத்தில் மது விற்றதாக ஒரு குறிப்பு ஏறினால் அடுத்த முறை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அது எழுந்து நிற்கும். காப்பீட்டிலும் கேள்வி வரும். அதனால் அப்போது நீதித்துறை அமைச்சராக இருந்த ஹெதர் ஹம்ப்ரீஸ் அவசரச் சட்டம் கொண்டுவருவதாக அறிவித்தார். சிவில் சட்டப் பல்வகை ஏற்பாடுகள் சட்டம் 2021 ஜூலையில் நிறைவேறியது. கவுன்சிலின் அனுமதி பெற்ற வெளி இருக்கைப் பகுதியில், உரிமம் வைத்திருப்பவர் மது விற்கலாம் என்பதே அதன் சாரம். முதலில் அந்த ஆண்டு நவம்பர் 30 வரைக்கும்தான். பிறகு இரு அவைகளின் தீர்மானத்தோடு மறுபடி மறுபடி நீட்டினார்கள்.

ஜூன் 7-க்கும் சட்டம் வந்த நாளுக்கும் இடையே இருந்த சில வாரங்களில் யாருக்கும் பெரிய பாதிப்பு வரவில்லை என்று சிலர் இதை லேசாக எடுத்துக்கொள்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஓராண்டுக்கும் மேலாக அலைக்கழிந்த ஒரு தொழிலை, திறக்கும் நாளன்றும் சட்டத்துக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியாத நிலையில் நிறுத்தியது தவறு. கிட்டத்தட்ட ஓராண்டுக்கு முன்பே பக்கத்து நாடு இதே சிக்கலுக்குச் சட்டம் போட்டிருந்தது. திரும்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

எல்லா இடத்திலும் புதுச் சட்டம் தேவைப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்துக்குத் தனி மது உரிமச் சட்டம் உண்டு. அதில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 14 நாள் செல்லுபடியாகும் தற்காலிக உரிமம் ஏற்கெனவே இருந்தது. வெளிப்பகுதிக்கு அதையே அடுத்தடுத்து வாங்கி ஓட்டினார்கள். ஒவ்வொரு இரண்டு வாரத்துக்கும் ஒரு விண்ணப்பம் என்பது அலுப்பான வேலைதான். ஆனால் ஒவ்வொரு தடவையும் உரிமக் குழுவின் கண் அதன் மேல் படும் என்ற நன்மை இருந்தது.

நியூயார்க் வேறு பாதை. அங்கே சட்டமன்றம் புதுச் சட்டம் போடவில்லை, ஆளுநரின் அவசர ஆணைதான். 2020 மார்ச் 16 ஆணையிலிருந்து மதுவை எடுத்துப் போகக் கொடுக்கலாம் என்றானது. ஜூன் 22 முதல் நியூயார்க் நகரத்தில் வெளியே உட்கார்ந்து சாப்பிட அனுமதித்தார்கள். ஜூலை நடுவில், மது வேண்டுமென்றால் உணவும் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. கூட்டம் கூடி நின்று குடிப்பதைத் தடுப்பதற்காக. ஆணையின் பலம் அதன் வேகம். பலவீனமும் அதுவேதான். 2021 ஜூன் 23 அன்று, அவசரநிலை மறுநாளோடு முடிகிறது என்று ஆளுநர் அறிவித்தார். அவ்வளவுதான், எடுத்துப்போகும் மதுவும் அதோடு முடிந்தது. ஒரு நாள் அவகாசம்! பாட்டில்களும் மூடிகளும் வாங்கி அடுக்கியிருந்தவர்கள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். 2022 ஏப்ரலில்தான் சட்டமன்றம் அதை முறையான சட்டமாக்கி, மூன்று ஆண்டுக்குத் திரும்பக் கொடுத்தது. உணவோடு சேர்த்து, மூடிய பாத்திரத்தில், முழு பாட்டிலாக இல்லாமல். இங்கிலாந்துச் சட்டத்தில் காலாவதி நாள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது என்பதன் அருமை இதைப் பார்க்கும்போது தெரியும்.

இதுவரை கடைக்காரர் பக்கமே பேசினேன். இந்தச் சட்டங்களுக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு, அவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைக்குள் காலே வைக்காதவர்கள்.

பார்வையற்ற ஒருவர் வெள்ளைக் கோலோடு தினமும் நடக்கும் நடைபாதையை மனதில் பாடமாக வைத்திருப்பார். நேற்று இல்லாத நாற்காலி இன்று அங்கே இருந்தால் அது அவருக்கு ஆபத்து. சக்கர நாற்காலியில் போகிறவருக்கு வழி சுருங்கினால் சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். இங்கிலாந்துச் சட்டத்தில் பாதையை அடைக்கக்கூடாது என்ற நிபந்தனை எல்லா நடைபாதை உரிமத்துக்கும் பொருந்தியது. பொதுவாக ஒன்றரை மீட்டர் அகலமாவது விட வேண்டும் என்று வழிகாட்டுதலும் இருந்தது. ஆனால் கருத்துச் சொல்ல ஏழு நாள்தான். விண்ணப்ப அறிவிப்பு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும். கண்ணால் படிக்க முடியாதவருக்கு அந்த ஏழு நாளுக்குள் செய்தி எப்படிப் போய்ச் சேரும்? முடிவெடுக்காவிட்டால் உரிமம் கிடைத்ததாக அர்த்தம் என்ற அதே வரி, இவர்கள் பக்கம் நின்று பார்த்தால் கசக்கிறது. வேகத்தைப் பாராட்டிக்கொண்டே இதையும் மறக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பக்கம் குடியிருப்பவர்கள். லண்டன் சோஹோவில் வெஸ்ட்மின்ஸ்டர் கவுன்சில் 2020 கோடையில் தெருக்களை மாலை நேரத்தில் வண்டிகளுக்கு மூடி, நடுச்சாலை வரை மேசைகளுக்கு இடம் கொடுத்தது. உணவகங்களுக்கு அது உயிர்மூச்சாக இருந்தது. ஆனால் சோஹோவில் வீடுகளும் இருக்கின்றன. ஜன்னலுக்குக் கீழே நள்ளிரவு நெருங்கும்வரை கூட்டமும் இரைச்சலும் என்று அங்கே வசிப்பவர்கள் தொடர்ந்து முறையிட்டார்கள். 2021 செப்டம்பர் 30-ஓடு அந்தத் தற்காலிகத் திட்டத்தை கவுன்சில் முடித்துக்கொண்டது. அதை நிரந்தரமாக்க வேண்டுமென்று வியாபாரிகள் கேட்டது புரிகிறது. ஆனால் ‘கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளுங்கள்’ என்று கேட்டு வாங்கிய சம்மதத்தை எந்நாளைக்குமான சம்மதமாக மாற்றுவது நேர்மையில்லை. அதற்குப் புதிதாகக் கேட்க வேண்டும்.

புகையும் ஒரு பிரச்சினையாக வந்தது. வெளியே மேசை என்றால் அங்கே புகைபிடிப்பார்கள். பக்கத்து மேசையில் குழந்தையோடு ஒரு குடும்பம் இருக்கும். மேலவை விவாதத்துக்குப் பிறகு, புகையில்லா இருக்கைகளுக்கும் நியாயமான இடம் ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனை சட்டத்தில் ஏறியது. முழுத் தடை கேட்டவர்களுக்கு இதில் திருப்தியில்லை. அவசரத்தில் செய்த சமரசமாக இதை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இப்போது கடைசிக் கேள்வி: இவை இன்னும் இருக்கின்றனவா? இங்கிலாந்தைப் பொறுத்தவரை, நாற்காலி இருக்கிறது, கோப்பைச் சலுகை போய்விட்டது.

நடைபாதை உரிமம் முதலில் 2021 செப்டம்பர் 30-உடன் முடிவதாக இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நீட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் 2023-இல் நிறைவேறிய சமன்படுத்தல் மற்றும் புத்துருவாக்கச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. 2024 மார்ச் 31 முதல் புது விதிகள் நடப்புக்கு வந்தன. நிரந்தரமாக்கும்போது வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். கருத்துக் கேட்க 14 நாள், முடிவெடுக்க 14 நாள். கட்டண உச்சவரம்பு முதல் முறைக்கு 500 பவுண்டு, புதுப்பிக்க 350. உரிமம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. உரிமமில்லாமல் போட்ட மேசையை அப்புறப்படுத்தும் அதிகாரமும் கவுன்சிலுக்குத் தெளிவாகக் கிடைத்தது. பதில் வராவிட்டால் உரிமம் கிடைத்ததாகும் என்ற விதி தொடர்கிறது. நெருக்கடிச் சட்டத்தை நிரந்தரமாக்குவதென்றால் இப்படித்தான் செய்ய வேண்டும். நல்லதை வைத்துக்கொண்டு, அவசரத்தில் பறித்த பேச்சுரிமையில் ஒரு பகுதியையாவது மக்களுக்குத் திருப்பித் தந்தார்கள்.

வெளிவிற்பனைச் சலுகையை அவ்வளவு பொறுப்பாகக் கையாளவில்லை. அதையும் ஆண்டுதோறும் நீட்டினார்கள். 2023-இல் செப்டம்பர் 30-உடன் முடியட்டும் என்று முடிவெடுத்துவிட்டு, ஒரு மாதம் இருக்கும்போது மனம் மாறி 2025 மார்ச் 31 வரை நீட்டினார்கள். அந்த நாள் வந்தது, இந்த முறை நீட்டவில்லை. ஆக 2025 ஏப்ரல் 1 முதல் உள்ளே குடிப்பதற்கான அனுமதி மட்டும் வைத்திருக்கும் கடை, வெளிவிற்பனை வேண்டுமென்றால் உரிமத்தைத் திருத்தித் தரும்படி விண்ணப்பிக்க வேண்டும். சலுகைக் காலத்தில் நிறுத்தி வைத்திருந்த பழைய நிபந்தனைகளும் உயிர்பெற்றுவிட்டன.

முடிய வேண்டிய சலுகை முடிந்ததில் எனக்கு வருத்தமில்லை. விண்ணப்பமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் எல்லாருக்கும் கொடுத்த அனுமதி நெருக்கடிக்குத்தான் பொருந்தும். வருத்தம், கிட்டத்தட்ட ஐந்து ஆண்டு அது இருந்ததில் பலருக்கு அது சலுகை என்பதே மறந்துபோயிருக்கும் என்பதுதான். 2021-இல் கடை தொடங்கிய ஒருவருக்கு வாசலில் பரிமாறுவது தொழிலின் இயல்பான பகுதியாகவே தெரிந்திருக்கும். ஒவ்வொரு செப்டம்பரிலும் முடியுமா நீளுமா என்று காக்க வைக்காமல், 2021-லேயே ‘இத்தனை நாளில் முடியும், வேண்டுபவர்கள் அதற்குள் முறையாக விண்ணப்பித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரே தடவையில் சொல்லியிருந்தால் குழப்பம் பாதியாகியிருக்கும்.

இங்கிலாந்தில் கடை நடத்துபவர் யாராவது இதைப் படித்தால் நடைமுறையாக ஒன்று. உங்கள் கையில் நடைபாதை உரிமம் இருக்கிறது என்பதை வைத்து மட்டும் அந்த மேசைகளில் மது பரிமாறலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கட்டட உரிமத்தை எடுத்து இரண்டு இடங்களைப் பாருங்கள்: மது விற்பனை எந்த வகைக்கு அனுமதிக்கப்பட்டிருக்கிறது என்ற வரி, அப்புறம் பின்னால் இணைத்திருக்கும் வரைபடத்தில் கோடு எங்கே முடிகிறது என்பது. மேசைகள் கோட்டுக்கு வெளியே இருந்து, வெளிவிற்பனையும் உரிமத்தில் இல்லையென்றால், அடுத்த மதுக் கோப்பையை வெளியே அனுப்பும் முன் கவுன்சிலின் உரிமப் பிரிவோடு பேசித் திருத்த விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள். அது கிடைக்கும்வரை அந்த மேசைகளில் காபியும் உணவும் தாராளமாகப் பரிமாறலாம்.